நிலமில்லாதவர்கள் போட்ட ஓட்டுக்கூரை

எங்கள் வரிசைக் குடிசைகள் எரிந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பங்குனி மாதம், உச்சிவெயில். முட்டத்துக் கரையில் அந்த மாதம் அடிக்கும் காற்றுக்கு அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆண்கள் ஓடிவருவதற்குள் ஓலைக்கூரைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிவிட்டன. லேஸ் பின்னுவதற்காகக் கன்னியர் மடத்தில் தந்திருந்த தலையணையை மட்டும் தூக்கிக்கொண்டு நான் வெளியே ஓடினேன். அதில் பாதி பின்னிய லேஸ் இருந்தது. சீதனப் பெட்டியும் சேலைகளும் நினைவுக்கே வரவில்லை.

அன்று சாயங்காலமே மீன் வியாபாரி கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினார். அவரைக் கெட்ட மனிதர் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் அவருடைய முற்றத்தில் ஓலையும் கம்பும் வந்து இறங்கின. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். காசு கேட்க மாட்டார். எடுத்தவன் பிடிக்கிற மீனெல்லாம் அவர் முற்றத்தில், அவர் சொல்லும் விலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். கடன் எப்போது தீரும் என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. என் மாமனார் வாங்கிய ஓலைக்கே என் கணவர் இன்னும் மீன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இனி ஓலை வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். பின்னே எதைப் போடுவது என்று கேட்டார். ஓடு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கரையில் ஓடு போட்டவை வேதக்கோயிலும் மடமும் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியும்தான். சிரித்து முடித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓலை எடுக்கப் போகவில்லை. கட்டுமரத்தின் பழைய பாய்த்துணியை நான்கு கம்பில் கட்டி அதற்குக் கீழே இருந்தோம்.

பக்கத்துக் குடிசைக்காரி ஒரு விதவை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தலையில் மீன்கூடையோடு உள்நாட்டு வயலூர்களுக்கு நடந்து போய் விற்றுவருவாள். யாரிடமும் பயமில்லாத வாய். நான் ஓட்டைப் பற்றிப் பேசியது அவள் காதுக்கும் போயிருந்தது. தான் மீன் விற்கும் ஊரில் ஒரு வண்டிக்காரன் புதிதாக ஓட்டுவீடு கட்டியிருக்கிறான் என்றும், அங்கே விவசாயிகள் சேர்ந்து ஒரு பரஸ்பர சகாய சங்கம் நடத்துகிறார்கள் என்றும் சொன்னாள்.

"ஏட்டி, வட்டி தின்ன அங்க தனி ஆளு கெடயாது. எல்லாரும் போட்ட பணத்த எல்லாரும் எடுக்காவ. மிச்சம் வந்தா கொளத்துக்குப் படி கெட்டுதாவ. நானும் போய்க் கேக்கப்போறேன். நீ வாறியா?"

போனோம். லேஸ் பின்னும் பெண்கள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு ஐந்து பேர். விடியலில் கிளம்பி, செம்மண் மேட்டைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்குள் நடந்து, பச்சை வயல்கள் தெரிய ஆரம்பித்தபோது எனக்குக் கால் வலியைவிடப் பயம்தான் அதிகம். அப்படி ஒரு காரியமாக அந்த ஊருக்குள் நாங்கள் போனதே இல்லை. சங்கம் ஒரு நெல்லறையை ஒட்டிய நீளமான அறையில் இருந்தது. எங்களை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பேசினோம்.

சங்கத் தலைவர் சொந்த வயலில் பயிர் வைக்கும் சைவக் குடும்பத்துப் பெரியவர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு மிகவும் குறைவு. நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"நெலம் ஆரு பேருல கெடக்கு?"

கோயில் நிலம் என்றோம். வீட்டுக்கடனுக்குப் பத்திரம் வேண்டும், பத்திரம் இல்லாமல் கொடுக்கச் சட்டம் இல்லை என்றார். உள்ளே இருந்த இன்னொரு உறுப்பினர், கடலில் போகிறவனுக்குக் கடன் கொடுத்தால் அலைதான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவின் கை என் முதுகில் பட்டது. படித்தவள் நீ, பேசு என்று அர்த்தம். மடத்துப் பள்ளியில் நாலு வகுப்புப் படித்ததுதான் என் படிப்பு.

"நெலம் எங்களுக்க இல்ல ஐயா. ஆனா ஓடு எங்களுக்க ஆகும்லா? நாங்க தராமப் போனா ஆளு விட்டுக் கூரையக் கழத்திக் கொண்டு போங்க. ஓலைன்னா எரிஞ்சு போவும், ஓடு அப்படியே இருக்கும். ஒருத்தி தராட்டா மத்த நாலு பேரும் தருவோம்."

தலைவர் போய் வாருங்கள் என்று தலையசைத்தார். திரும்பும் வழியெல்லாம் அக்கா அந்த உறுப்பினருக்கு அலைக்காரர் என்று பேர் வைத்து வைதுகொண்டே வந்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த வாரம் சங்கத் தலைவர் எங்கள் கரைக்கே வந்து நின்றார். தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமணலில் தனியாக நடந்து வந்தார். எரிந்த இடங்களைப் பார்த்தார். நான் லேஸ் பின்னுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஊசிகளுக்கு நடுவே மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலிருக்கிறது. இதற்கு மடத்தில் எப்போது கூலி தருவார்கள் என்று கேட்டார். மாதாமாதம் என்றேன். புருஷன் கையில் தருவார்களா என்று கேட்டார். என் கையில்தான் என்றேன். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் யோசிக்காமல் செம்பை நீட்டிவிட்டேன். எங்கள் கைத் தண்ணீரை அவர்கள் குடிக்க மாட்டார்கள் என்பது நீட்டியபிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார்.

அந்த மாதக் கூட்டத்தில் சங்கம் எங்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது. கடன் தீரும்வரை ஓடு சங்கத்துச் சொத்து, ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் ஜாமீன், கடன் பெண்கள் பெயரில். அக்காவுக்கு மடத்துக் கூலி கிடையாது. மீன்கூடையை நம்பி அவளைச் சேர்க்கத் தலைவர் சண்டை போட வேண்டியிருந்ததாம். ஆயுசில் முதல்தடவையாக ஒரு காகிதத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது. அலைக்காரர் வேறு காகிதம் எடுத்துத் தந்தார்.

குளச்சலுக்குப் பாய்க்கப்பலில் வந்த கொல்லத்து ஓட்டை மாட்டுவண்டிகள் ஏற்றிவந்தன. ஆனால் செம்மண் பாதை முடிகிற இடத்திலேயே வண்டிக்காரர்கள் இறக்கி அடுக்கிவிட்டார்கள். மணலுக்குள் வர மாட்டோம் என்றார்கள். மாடு இழுக்காது என்பது ஒரு காரணம். வியாபாரி சொல்லிவைத்திருந்தார் என்பது இன்னொன்று. அங்கிருந்து எங்கள் இடம் கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். நாங்கள் ஐந்து பேரும் எங்கள் வீட்டு ஆட்களும் மட்டும் சுமந்தால் மழைக்கு முன் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது அக்கா கோயில் வாசலில் நின்றுகொண்டாள்.

"மக்கா, வீட்டுக்குப் போற வழியில ஆளுக்கு ரெண்டு ஓடு எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னைக்கு எங்களுக்கு, நாளைக்கு ஒங்களுக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். முதலில் சில பெண்கள் போனார்கள். பிறகு அவர்களுடைய ஆண்கள். பிறகு யாரோ வரிசையாக நின்று கைமாற்றினால் சுலபம் என்று சொல்ல, பாதையிலிருந்து நாங்கள் எழுப்பியிருந்த சுவர்கள் வரைக்கும் ஊர் நின்றது. வியாபாரியிடம் ஓலை எடுத்தவர்களும் நின்றார்கள். அவர் தன் கிட்டங்கி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே நின்றார்கள். பூசைக்கு உடுத்திய வெள்ளைத் துணியெல்லாம் செங்காவியானது. என் கைக்கு வந்த ஒவ்வொரு ஓட்டையும் சுவர்மேல் நின்ற என் கணவரிடம் ஏற்றினேன். கடலில் பாறை இடுக்கில் கட்டுமரம் தள்ளுகிற மனுஷன், ஓட்டைப் பிஞ்சுக் குழந்தையைப் போல வாங்கினார்.

வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழை அந்த வருஷம் சொன்ன நாளுக்கு வந்தது. முன்பெல்லாம் மழை பிடித்தால் லேஸ் தலையணையைச் சுற்றிக் கட்டி உறியில் தூக்கிவிடுவேன். ஓலை ஒழுகிக் கறை பட்டால் மடத்தில் எடுக்க மாட்டார்கள், கூலியும் போய்விடும். அன்று காலை மழை கூரைமேல் கொட்டுகிறது, நான் கீழே உட்கார்ந்து வெள்ளை நூலில் பின்னிக்கொண்டிருக்கிறேன். மடியில் ஒரு சொட்டு விழவில்லை. கணவர் கதவோரம் நின்று, ஏட்டி, என்னத்துக்குச் சிரிக்கிய என்று கேட்டார். சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

அதன்பிறகு கெட்ட வருஷங்களும் வந்தன. வெளிநாட்டில் வியாபாரம் படுத்துவிட்டது என்று மடத்தில் லேஸ் வாங்குவதைப் பாதியாகக் குறைத்தார்கள். பெண்கள் வாங்கிய கடன் முங்கப்போகிறது, ஓடெல்லாம் இறங்கப்போகிறது என்று வியாபாரியின் ஆட்கள் கரையெங்கும் சொன்னார்கள். தவணை நாளுக்கு முந்தின வாரம் அக்கா என் வீட்டுக்கு வந்து, தன் மீன்காசில் என் பங்கையும் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல். அவள் பங்கை நாங்கள் நான்கு பேரும் போட்டோம். இப்படியே மாறி மாறி இழுத்தோம். ஓர் ஓடுகூட இறங்கவில்லை. அதைப் பார்த்த அடுத்த வரிசைக்காரர்கள் சங்கத்துக்கு நடந்தார்கள். அதற்கடுத்த வரிசையும் நடந்தது. கடைசியில் கரையில் சிவப்புக் கூரைகள் அதிகமா, ஓலை அதிகமா என்று சொல்ல முடியாமல் போயிற்று.

கடன் தீர்ந்த வருஷம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மிச்சப்பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று பேச்சு வந்தபோது அலைக்காரர்தான் எழுந்தார். கடற்கரைக்காரர்களுக்குப் பொதுவாக ஓர் ஏலக்கொட்டகை போட்டுக்கொடுக்கலாம், அவர்கள் மீன் இன்னொருவர் முற்றத்தில் போய் விலைக்கு நிற்க வேண்டாம் என்றார். எதிர்த்துக் கை தூக்க யாரும் இல்லை.

கொட்டகையை நாங்களே கட்டினோம். கல் தூண், பனங்கை, மேலே ஓடு. முதல் ஏலம் நடந்த காலை என் கணவருக்குப் பெரிய நெய்மீன் ஒன்று கிடைத்திருந்தது. ஓலைக் கடனை இனி மீனாகத் தர மாட்டோம், காசாகத் தருகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்ததால், வியாபாரி வருவாரா என்று எல்லாரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தார். மற்றவர்களோடு தூணோரமாக நின்றார். நெய்மீனுக்கு ஒரு விலை சொன்னார். அவர் சொன்ன விலைக்கு மேல் அந்தக் கரையில் யாரும் அதுவரை வாய் திறந்ததில்லை. அக்கா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதற்குமேல் ஒரு சக்கரக் காசு கூட்டிச் சொன்னாள். அவர் ஏற்றினார். அவளும் ஏற்றினாள். இன்னும் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள் என்று வியாபாரி கையை விரித்தார். அவர் முகத்திலும் லேசாகச் சிரிப்பு இருந்தது.

ஓலைக் கடனுக்காக அடிமாட்டு விலைக்கே மீன் கொடுத்துப் பழகிய என் கணவர், அன்று வாங்கிய காசை மடியில் முடிய மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அக்கா நெய்மீனைக் கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, தூக்கிவிடச் சொன்னாள். நான் ஒரு பக்கமும் வியாபாரி ஒரு பக்கமுமாகப் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிட்டோம். கையை வீசிக்கொண்டு வயலூர்ப் பாதையில் அவள் நடந்தாள்.