‘மாதா பாடல்கள்’ தாளுக்குக் கீழே

நனைத்த பஞ்சு என் கையில் இருந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண், “கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி” என்றாள். நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

தூத்துக்குடியில் பழைய இசைத்தட்டு வாங்கி விற்கிறவன் நான். “இது ஒரிஜினலா, எந்த நாட்டு பிரஸ்ஸிங்?” என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் சிரிக்க வேண்டாம். பயப்படாதவன்தான் நேற்று அடித்த தட்டை முதல் பிரஸ்ஸிங், அதாவது ஆல்பம் வெளிவந்தபோதே அச்சடித்தது என்று விற்றுவிட்டு முழிப்பான்.

அந்தப் பெண் பிலோமினா, மாப்பிள்ளையூரணிக்காரி. கப்பலில் வேலை பார்த்த அவள் அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். ஆண்டு நினைவுப் பூசை முடிந்து வீட்டில் போடலாம் என்று, அவர் வைத்திருந்த மாதா பாட்டுத் தட்டைத் துடைத்து, பாடுகிறதா என்று பார்த்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தாள். இரு பக்க லேபிளையும் மறைத்து மெல்லிய வெள்ளைத் தாள் ஒட்டி, மை பேனாவால் ‘மாதா பாடல்கள்’ என்று எழுதியிருந்தது. பிளேயரில் வைத்தேன். டிரம்ஸும் கிட்டாருமாகக் கடையே அதிர்ந்தது.

இங்கிலாந்து ராக் ஆல்பம். உலகமெல்லாம் ஆட்கள் தேடி அலைகிற சரக்கு. பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளிநாட்டுத் தட்டு என்று கஸ்டம்ஸில் தீர்வை போடுவார்களே என்று மாதா பெயரை ஒட்டிக் கரையேற்றியிருக்கிறார் மனுஷன்!

அவள் சிரிக்கவில்லை. “அப்ப இது அங்கன லண்டன்ல வாங்குனதா அண்ணாச்சி? அப்பா அங்க போயிருக்கேன்னு சொல்லுவாவ. ‘அண்ணன் கொழும்பத் தாண்டல, கத வுடுதாரு’னு சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாவ.”

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. தட்டில் பாட்டு முடியும் இடத்தில், கோடில்லாத வழவழப்பில், எந்த அச்சில் அடித்தது என்று காட்டும் மேட்ரிக்ஸ் நம்பர் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதல் பிரஸ்ஸிங்குக்கு உரிய நம்பர்தான். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் காலத்தில் அங்கிருந்தே உலோக அச்சை வரவழைத்து இங்கும் தட்டு அடித்தார்கள். நம்பர் ஒன்றாகவே இருக்கும். எந்த நாடு என்பதை லேபிள்தான் சொல்லும். மறுபக்கத்து லேபிளைத் தாளோடு சேர்த்துப் பூச்சி அரித்திருந்தது. மிச்சம் இந்தப் பக்கம்தான்.

“தாள எடுத்தா தெரிஞ்சிரும்மா. ஆனா மை ஓடிரும்” என்றேன்.

“வெள்ளத்துல அவுக எழுதுன காயிதம் ஒண்ணு மிஞ்சல. இது மாதா பீடத்துல ஒசக்க இருந்ததால தப்பிச்சு. அவுக கையெழுத்துன்னு இது ஒண்ணுதான் கெடக்கு.” தட்டை என் பக்கம் தள்ளினாள். “பரவால்ல, எடுங்க. அவுக சொன்னது பொய்யினு பேரு நிக்கக் கூடாது.”

அப்போதுதான் பஞ்சை நனைத்தேன். அவள் பொறுங்க என்றாள். சும்மா இருக்க முடியாமல் பஞ்சை வைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, செல்போன் டார்ச்சைத் தட்டோடு தட்டாகப் படுக்கவைத்து அடித்தேன். தட்டைச் சுற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். நடு ஓட்டை அருகே தாளுக்கு அடியிலிருந்து இரண்டு ஆங்கில எழுத்துகளின் நிழல் எழும்பியது.

அது வரிக்குறி. இங்கிலாந்துக் கடைகளில் விற்கும் தட்டுக்கு லேபிளில் அழுத்திப் பதிப்பார்கள். இந்தியத் தட்டில் நான் பார்த்ததில்லை.

“அங்க விக்க அடிச்ச தட்டும்மா இது. அப்பா கையால வாங்குனாரான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த ஊர்ல வரி கட்டி, நம்ம ஹார்பர்ல டிமிக்கி குடுத்திருக்கு.”

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒட்டியிருப்பதை உரிக்குமுன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

தட்டைத் துடைத்துக் கொடுத்து, “இனி சித்தப்பா வாய அடைச்சிரலாம்லா?” என்றேன்.

பிலோமினா அந்தக் கையெழுத்தின் மேல் விரல் படாமல் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“சித்தப்பா கெடக்காவ, அண்ணாச்சி. அவுக சொல்லிச் சிரிக்கையில நானும்லா கூடச் சேந்து சிரிச்சேன்.”