பக்கத்து சீட்டு பிரேக்

"நாக்க நீட்டுங்க சிஸ்டர்."

கதவு திறந்ததும் இதுதான் வரவேற்பு. படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளத் தினமும் வருகிற சிஸ்டர், செருப்பைக் கழற்றும் முன் நாக்கை நீட்டியாக வேண்டும். டீச்சர் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்ப்பாள். "வெள்ளை படிஞ்சிருக்கு. ராத்திரி லேட்டா சாப்பிட்டிருக்கீங்க."

"சாப்பிட்டேனே, அதுவே பெருசு" என்று சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு உள்ளே போவாள்.

டீச்சர் பெரியவரின் ஒரே மகள். பள்ளிக்கூட டீச்சர் அல்ல, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் உட்காரும் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டிலும் வலது கால் சும்மா இருப்பதில்லை. பால் பொங்கினால் மிதிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி மருமகளைப் பற்றி ஆரம்பித்தால் மிதிப்பாள். காலுக்கடியில் வெறும் தரைதான். இருந்தாலும் அழுத்தி மிதிப்பாள்.

இந்த மனுஷி சில மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயுர்வேத அடிப்படை வகுப்புக்குப் போகிறாள். படித்ததைத் தன் குரலிலேயே கைபேசியில் பதிந்து, சமையலறையிலும் காரிலும் ஓடவிடுவாள். வண்டி பழக வந்தவர்கள் சிவப்பு விளக்கில் நின்றால் நாக்கை நீட்ட வேண்டும். ஒரு பையன் நீட்டிய நாக்கோடு பச்சையில் கிளம்பி, போக்குவரத்துக் காவலரிடம் மாட்டிக்கொண்டான்.

விளக்கம் மட்டும் தெளிவாகச் சொல்வாள், அதை மறுக்க முடியாது. "வாதம்னா டயர்ல காத்து மாதிரி சிஸ்டர். கூடினாலும் தொல்லை, குறைஞ்சாலும் தொல்லை. பித்தம் இன்ஜின் சூடு. கபம் ஆயில்."

"அப்ப என் முட்டி வலி?"

"நீங்க சர்வீஸுக்கே விடல."

வெந்நீர், வேளைக்குச் சாப்பாடு, காய்ந்த கால்களுக்கு எண்ணெய் எல்லாம் சிஸ்டருக்குச் சம்மதமே. அவள் பல்லைக் கடித்தது வாழைப்பழ விஷயத்தில்தான்.

பெரியவர் லாரி ஓட்டியவர். சோறு தின்றால் ஸ்டியரிங்கிலேயே தூக்கம் வரும் என்று, ராத்திரிப் பயணத்தில் வாழைப்பழத்தைப் பாலில் பிசைந்து குடித்தே வாழ்நாளை ஓட்டிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து படுத்தபிறகும், பல் எல்லாம் போனபிறகும், அவர் மறுக்காத ஒரே உணவு அது. சிஸ்டர் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுப்பதும் அதில்தான். டீச்சரின் பாடத்திலோ, ஒன்றோடொன்று சேரக்கூடாத உணவுகள் என்ற பகுதி வந்தது.

"பாலும் வாழைப்பழமும் ஜென்ம விரோதி சிஸ்டர்! இத்தனை நாளா வயித்துக்குள்ள சண்டை மூட்டிவிட்டிருக்கோம். இன்னையிலேருந்து கிடையாது."

அன்றிலிருந்து பெரியவர் வாயை மூடிக்கொண்டார். கஞ்சி வந்தது, சுவர்ப்பக்கம் திரும்பினார். பருப்புத் தண்ணீர் வந்தது, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். படுத்துக் கிடப்பவருக்குக் கடைசியாக மிஞ்சுகிற அதிகாரம் வாய்தான். அதையும் பிடுங்கப் பார்த்தால் இப்படித்தான் பூட்டிக்கொள்வார்கள். சிஸ்டர் இதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டாள்.

"அப்பாவுக்கு வாதம் கூடியிருக்கு. அதான் இந்தப் பிடிவாதம்" என்றாள் டீச்சர்.

"எனக்கு என்ன வாதம்? விடிஞ்சதுலேருந்து வாதம் பண்றது நீ" என்றார் பெரியவர். பேசத் திறந்த வாயில் சிஸ்டர் கரண்டியை நுழைப்பதற்குள் மூடிவிட்டார்.

சனிக்கிழமை வந்த டாக்டர் அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். தோல் தொங்கியது. "இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போட வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "டீச்சர், குழாய் போட்டவங்கள நான் பாத்திருக்கேன். பிடுங்கிப் போடாம இருக்க ரெண்டு கையையும் கட்டி வைப்பாங்க. வயித்துக்குள்ள ஏதாவது இருந்தாத்தானே அங்க சண்டை வரும்?"

டீச்சரின் கால் தரையை அழுத்தியது.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்தவள் சிஸ்டரின் நாக்கைக் கேட்கவில்லை. கைபேசியும் பாடம் சொல்லவில்லை. பையைக் கட்டிலோரம் வீசினாள்.

"அத்தனை பேர் முன்னாடி எழுந்து, அப்பாவுக்கு நிறுத்திட்டேன்னு பெருமையா சொன்னேன். எத்தனை வருஷப் பழக்கம்னு கேட்டார் பாடம் எடுக்கிற வைத்தியர். நாப்பதுன்னேன். 'ஒரேயடியாவா நிறுத்தினீங்க?'ன்னார். நெடுநாள் பழகினது உடம்புக்கு ஒத்துப்போயிடுமாம். விடணும்னாலும் கால் கால் பங்காத்தான் குறைக்கணுமாம். இத மொதப் பாடத்துலயே சொல்லித் தொலைச்சா என்ன? கடைசியில கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்காங்க!"

"டாப் கியர்லேருந்து நேரா ஃபர்ஸ்ட்டுக்கு வந்தா கியர் பாக்ஸ் நொறுங்கும்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இத உனக்கு மொதப் பாடத்துலயே சொல்லிக்குடுத்தேன்."

டீச்சர் சமையலறைக்குப் போனாள். கிண்ணத்தோடு வந்தாள். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சமா இருக்கே? மீதிப் பழம் எங்க?"

"கால் பங்கு குறைச்சாச்சு. வாயத் திறங்க."

"நாக்கையும் நீட்டணுமா?"

"சிஸ்டர், இவருக்குக் குடுங்க. நான் குடுத்தா சண்டைதான் வரும்."

சிஸ்டர் தலையணையை உயர்த்தி, தாடையை நிமிர்த்தி, முதல் கரண்டியைக் கொடுத்தாள். பெரியவர் கண்ணை மூடி விழுங்கினார். எதிரே நாற்காலியில் இருந்த டீச்சரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. இரண்டாவது கரண்டி கிண்ணத்திலிருந்து எழும்பியது. டீச்சர் அந்தக் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் மடித்து வைத்தாள். கிண்ணம் காலியாகும்வரை அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.