எனக்காக ஓடியவர்

சத்தியமாக நடந்தது. நம்பாதவன் என் எதிரில் வந்து உட்காரட்டும், பேசிக்கொள்ளலாம்.

எங்கள் ஒஹாயோ நதிக்கரை ஊரில் பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் ஆன்சல் புரூயட். ஓட்டத்தில் சூரர். அவர் ஓடுவதைப் பார்க்கவே அக்கரைக்காரர்கள் படகேறி வருவார்கள். 1878 கோடையில் நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார். "வாசல்வரை நடந்தாலும் உயிர் போய்விடும்" என்றார் டாக்டர்.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி, ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என் முட்டி வீங்கியிருந்தது. அப்போதெல்லாம் கால் சரியில்லாதவன் அடித்தால் போதும், அவனுக்காக இன்னொருத்தன் ஓடலாம். எனக்காக ஓட எங்கள் அணியின் லைல் வந்தான்.

"நீ அடிடா நொண்டி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அடித்தேன். லைல் ஓடினான். தட்... தட்... தட்...

கால் சத்தம் இரண்டு பேருடையது.

லைலுக்கு முன்னால் ஆன்சல் ஓடினார். இரவுச் சட்டையில். வெறுங்காலோடு.

"கேப்டன், அங்க பாருங்க... ஆன்சல்!"

"எங்கடா? வெயில் மண்டையில ஏறிடுச்சா?" என்றார் எங்கள் அணி கேப்டன்.

சுற்றி ஓட வேண்டிய நான்கு மூலைகளில் மூன்றாவதில் லைல் நின்றான். அவரும் நின்றார். நெஞ்சைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அவர் இல்லை.

மறுபடி என் முறை வந்தது.

"நான் அடிக்கல. வேற ஆளை அனுப்புங்க."

"ஊரே பாக்குது. மானத்தை வாங்காதே, போடா!"

போனேன். அடித்தால்தானே அவர் ஓடுவார்? மட்டையைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை.

பந்து என்னை நோக்கியே வளைந்தது. விலகப் பார்த்தேன்... முட்டி மடங்கவில்லை. டொக். தோளில் கிடந்த மட்டையில் பட்டு, பந்து மைதானத்துக்குள் உருண்டது.

தட்... தட்... தட்...

"ஓடாதீங்க! நில்லுங்க!"

அவரால் நிற்க முடியவில்லை. அழுதார். ஆனால் கால்கள் ஓடின.

முதல் மூலை தாண்டி விழுந்தார்.

நொண்டிக்கொண்டே போனேன். வெறும் புழுதி.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி லவினியா கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மூணு மணிக்கு மேல ஆரம்பிச்சுது, எம்மெட். படுத்தபடியே காலை உதைச்சு உதைச்சு... நாலு பேர் பிடிச்சும் நிக்கல. கொஞ்ச நேரம் அடங்கி, திரும்பவும் வந்துது."

"ஏதாவது சொன்னாரா?"

"'எம்மெட்டை நிறுத்தச் சொல்லு லவினியா, என்னால ஓட முடியல'ன்னு கெஞ்சிக்கிட்டே போயிட்டார்."