வினார்சி அக்காவின் ஆறாவது குட்டி

"இன்னிக்கும் தொடலையா, அக்கா?"

"தொடலை. மூஞ்சியத் திருப்பிக்கிச்சு, மாப்பிள்ளையப் பிடிக்காத பொண்ணு மாதிரி."

"இது எத்தனையாவது தடவை?"

"நாலாவது. மத்த அஞ்சு பாம்புக்குட்டியும் மொதத் தடவையே எலிக்குட்டியக் கவ்விக்கிச்சு. இவன் ஒருத்தன்தான் ராஜா வீட்டுப் பிள்ளை."

"எடை?"

"பொறந்தப்ப அறுபது கிராம். இப்ப நாப்பத்தேழு. அடுத்த வியாழனும் தொடலேன்னா வாயத் திறந்து திணிக்கணும். போன வருஷம் ஒண்ணுக்கு அப்படிச் செஞ்சேன். ரெண்டு நாள்ல செத்துப்போச்சு. என் கையால இன்னொண்ணா? என்னால ஆகாது ரெத்னா."

மாலாங் நகரில், கல்லூரிக்குப் பின்பக்கத் தெருவில், கிலோ கணக்கில் துணி துவைத்துக் கொடுக்கும் கடை வினார்சியுடையது. வாரம் ஒருமுறை துணி மூட்டையோடு வரும் மாணவி ரெத்னா அதிகம் பேசமாட்டாள். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டாள். அன்று மட்டும் மூட்டையை இறக்கிய பிறகும் போகாமல் நின்றாள்.

அவள் நின்ற அரை மணி நேரத்தில் மூன்று பேர் துணி வாங்க வந்தார்கள். மூவரும் ஒன்றையே கேட்டார்கள்: "அந்த மஞ்சக் கழுத்துக் குட்டியப் பார்க்கலாமா?" வினார்சி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து குட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒருவர் அதைத் தோளில் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். குட்டி பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே புதைத்தது.

"அக்கா, குட்டி வாங்கிட்டுப் போறவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"சாப்பிட ஆரம்பிக்கிற வரைக்கும் தொடாதீங்க, இரையை வச்சுட்டுத் துணி போட்டு மூடிட்டுத் தள்ளிப் போயிடுங்கன்னு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே சுரீரென்றது. "என்ன பண்ணச் சொல்றே? வாசல் வரைக்கும் வந்து கேட்கிறவங்ககிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது?"

வினார்சியால் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல முடியாது. இந்தப் பாம்புகளே அப்படி வந்தவைதான். படிப்பை முடித்த மாணவன் ஒருவன், "ரெண்டே நாள் வச்சிருங்க அக்கா" என்று பெண் பாம்பு இருந்த ஒரு பெட்டியைத் தந்துவிட்டுப் போனான். ஆறு வருடம் ஆகிவிட்டது. அதை எப்படி வளர்ப்பதென்று கேட்க, ஞாயிறு காலையில் பாம்பு வளர்ப்பவர்கள் கூடும் பூங்காவுக்குப் போனாள். அங்கே ஒருவர் ஆண் பாம்பு ஒன்றை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டாள். பாலிக்கு லாரி ஓட்டும் அவள் கணவன் துகிமான் ஊர் திரும்பி, பாம்பு டப்பாக்கள் அடுக்கிய அலமாரியைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல பாம்பா, நானா?" என்றான். யாரையும் அவள் போகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

"இரை வைக்கிறப்ப நீங்க எங்க இருப்பீங்க?" என்று ரெத்னா கேட்டாள்.

"எதிர்லயேதான். கவலையா இருக்காதா?"

"வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தேநீர் வச்சுட்டு, நாம எதிர்ல உட்கார்ந்து வாயவே பார்த்தா குடிப்பாங்களா? உள்ள போனாத்தானே கோப்பையைத் தொடுவாங்க."

வினார்சி சிரித்துவிட்டாள். "மாலாங்ல பொறந்த பயதானே. அந்தக் கூச்சம் இருக்கும்."

அன்றே டப்பா இடம் மாறியது. இஸ்திரி மேசையை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டு எப்போதும் கதகதப்பாக இருக்கும். அங்கே வைத்து, பழைய பாத்திக் துணியால் மூடினார்கள். அடுத்த வியாழன்வரை ரெத்னா மதியத்துக்குமேல் கடையில் உட்காருவதென்று முடிவாயிற்று. காலையில் கூட்டம் இருக்காது. கேட்பவர்கள் வருவதெல்லாம் பிற்பகலில்தான்.

முதலில் வந்தவள் தெருத் தலைவரின் மனைவி.

"குட்டி எங்கே?"

ரெத்னா மேசையில் இருந்த ரசீதுப் புத்தகத்தை நேராக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "மன்னிக்கணும்மா. பார்க்க முடியாது."

"நீ யாரு?"

"துணி போட வந்தவ."

"எந்த ஊரு? ஜகார்த்தாவா? பட்டுனு பேசுறே."

"ப்ளித்தார். பக்கத்து ஊருதான்."

"ப்ளித்தார்ல பிள்ளைங்கள இப்படியெல்லாம் வளர்க்க ஆரம்பிச்சுட்டாங்களா?" அந்த அம்மாள் மூட்டையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். திரைக்குப் பின்னால் வினார்சி ஒரே சட்டையை மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாங்களா? கோபமா?"

"கோபம்தான். நாளைக்கு மறுபடியும் துணி அழுக்காகும், வருவாங்க."

அந்த வாரத்தில் பதினான்கு பேர் கேட்டார்கள். ரெத்னா பதினான்கு முறை முடியாது என்றாள். ஏழாவதுக்குப் பிறகு ரசீதுப் புத்தகத்தைத் தொடவில்லை. அதன்பிறகு வந்த இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே கேள்வியை மாற்றிக்கொண்டார்கள்.

வியாழன் பிற்பகல் மழை பிடித்தது. கண் திறக்காத எலிக்குட்டியை டப்பாவில் விட்டு, மூடி, துணியை இழுத்துவிட்டாள் வினார்சி. அவள் கையைப் பிடித்து எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனாள் ரெத்னா. இரண்டு கிண்ணம் இறைச்சி உருண்டைச் சூப் வந்தது.

"ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு..."

"உட்காருங்க அக்கா."

"எலிக்குட்டி குளிர்ல..."

"சூப் ஆறுது."

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது வினார்சி கதவருகிலேயே நின்றுவிட்டாள். "நீயே பாரு. நான் பார்க்கலை."

ரெத்னா துணியின் ஒரு முனையை விலக்கினாள். எலிக்குட்டி இல்லை. சுருண்டு கிடந்த குட்டியின் நடுவுடம்பு கட்டைவிரல் பருமனுக்கு உப்பியிருந்தது. தலையை மேலே வைத்து அசையாமல் படுத்திருந்தது.

"சாப்பிட்டுட்டான்."

வினார்சி தேய்க்காத துணிக்குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். கைக்குக் கிடைத்ததை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அது தெருத் தலைவருடைய வெள்ளைச் சட்டை. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரமும் குட்டி சாப்பிட்டது. அன்று ரெத்னா துணி வாங்க வந்தபோது வினார்சி பையின் வாயை முடிந்தாள், அவிழ்த்தாள், திரும்ப முடிந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை இருக்கா?"

"இல்லை அக்கா. ஏன்?"

"என் நாத்தனார் வரா. தையல் மெஷினை ரெண்டு வருஷம் முன்னாடி கொண்டுபோனா, இன்னும் வரலை. இப்ப அவளும் துவைக்கிற கடை போடப் போறாளாம், இஸ்திரிப் பெட்டியக் கேட்பா. நீ ஒண்ணும் பேச வேண்டாம். என் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கோ, ரெத்னா. போன வாரம் உட்கார்ந்தியே, அதே மாதிரி."