மனைக்கல்லில் பாட்டன் பெயர்

மானாம்பதிப் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கரையை ஒட்டிய மேட்டில்தான் எங்கள் காலனி ஆட்களைத் தலைமுறை தலைமுறையாகப் புதைத்துவந்தார்கள். நிலம் பெரிய வீட்டுக்காரர்களுடையது. இப்போது இருப்பவரின் தாத்தா, 'அங்கே வைத்துக்கொள்ளுங்கள்' என்று வாயால் சொன்னதோடு சரி. பட்டா அவர்கள் பெயரிலேயே இருந்தது. நாங்கள் நிலத்தில் வேலை செய்தோம், செத்தால் மேட்டுக்குப் போனோம். யாரும் காகிதம் கேட்கவில்லை.

போன கோடையில் பெரிய வீட்டுக்காரர் மேட்டுக்கு ஜேசிபி விட்டார். மரச் சிலுவைகளைப் பிடுங்கி வேலியோரம் விறகுபோலக் குவித்தார்கள். மேடு தட்டையானதும், மஞ்சளும் வெள்ளையும் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன. நடுவில் கலர் கொடிகள். பிளாட் விற்பனை.

நைனா, என் அப்பா, போய்க் கேட்டார். டீக்கடையில், எல்லாரும் இருக்கும்போது. நானும் பக்கத்தில் நின்றேன்.

"எங்க அப்பன், தாத்தன் எல்லாரும் அங்கதான்யா கீறாங்க."

பெரிய வீட்டுக்காரருக்கு நைனாவைவிட வயது குறைவு. டீ கிளாஸை அவர் கீழே வைக்கவில்லை.

"அங்கதான் கீறாங்கன்றதுக்கு இன்னாடா அத்தாட்சி? பொணத்துக்கெல்லாம் ரிஜிஸ்டர் வச்சினு இருந்தீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்துவிடுவேன். நைனா சிரித்ததற்குப் பெரிய வீட்டுக்காரர் எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ரிஜிஸ்டர் வைத்துக்கொண்டுதான் இருந்தோம். அது அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கே அப்போதுதான் உறைத்தது. பங்குக் கோயிலில் சாவுக்கென்று தனிப் புத்தகம் உண்டு. யார் செத்தாலும் சாமியார் அதில் எழுதியாக வேண்டும், செத்தது கூலிக்காரனாக இருந்தாலும். போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன்.

"எதுக்குத் தம்பி கேக்கிற?" என்றார் சாமியார்.

"ஒருத்தரை அவமானப்படுத்தணும் சாமி."

சாமியார் அலமாரியைத் திறந்தார். "கையைக் கழுவிட்டு வா. பழைய பேப்பர், ஒடியும்" என்றார்.

பழைய பக்கங்கள் லத்தீனில் இருந்தன. சாமியார் படித்துச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நைனாவின் தாத்தா பெயரை எங்கே தேடியும் காணோம். நாங்கள் தேடியது ஊரில் கூப்பிட்ட பெயர். புத்தகத்தில் இருப்பதோ ஞானஸ்நானப் பெயர். நைனாவுக்குப் போன் போட்டேன்.

"உன் தாத்தாவுக்குக் கோயில்ல வச்ச பேரு இன்னா நைனா?"

"யாருக்குடா தெரியும்? எனக்கு வச்ச பேரே பாதி நாள் மறந்துபூடுது."

"சரி, எப்படிச் செத்தாரு?"

"பெரிய வூட்டுக்குக் கெணறு வெட்டும்போது. மண்ணு சரிஞ்சி மூடிக்கிச்சி."

அதை வைத்துத் தேடியதும் கிடைத்துவிட்டார். கிணற்றில் மண் மூடி இறந்தவர், உடலை மறுநாள் எடுத்தார்கள், மேட்டில் அடக்கம். பக்கத்தில் ஒரு புனிதரின் பெயர். நைனா ஒருநாளும் கேட்டிராத பெயர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அதை நைனா வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்தார்.

அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. மேட்டுக்குக் கீழே, பிளாட் எல்லைக்குள்ளேதான். அதன் பக்கத்தில் 'சுவையான குடிநீர்' என்று போர்டு வைத்திருந்தார்கள்.

மேட்டில் புதைத்த எல்லாரின் பெயரையும் எழுதி முடிக்கப் பல நாள் ஆனது. பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். ஞாயிறுதோறும் மெட்ராஸிலிருந்து வேன் வரும். இடம் பார்க்க வருபவர்களுக்குச் சாப்பாடு இலவசம்.

அன்று பூசை முடிந்ததும் காலனியே மேட்டுக்குப் போனது. நான் கறுப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டேன். ஒரு மனைக்கல்லுக்கு ஒரு பெயர்.

"யாரு எங்க கீறாங்கன்னு தெரியாம எழுதறியேடா" என்றார் நைனா.

"அவனுக்கும் தெரியாது நைனா."

ஒவ்வொரு கல்லின் மேலும் சாமந்தி வைத்து, அடியில் மெழுகுவத்தி ஏற்றினோம். மனைக்கல்லும் கல்லறைக்கல்லும் ஒரே உயரம். எங்களுக்காகவே நட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. செபமாலை பாதியில் இருக்கும்போது வேன் வந்தது. பெரிய வீட்டுக்காரர் முன்னால் வண்டியில் வந்தார். வேனிலிருந்து முதலில் இறங்கிய அம்மாள், "என்னங்க, திருவிழாவா?" என்று கேட்டார்.

"கல்லறைக்குப் பூ வச்சிகினு கீறோம்மா" என்றாள் என் அம்மா. "நீ நிக்கற எடத்துல எங்க மாமனாரு."

அந்த அம்மாள் சட்டென்று தள்ளி நின்றார்.

"அங்க எங்க சின்ன மாமியாரு."

வந்தவர்கள் சாப்பிடக்கூட இல்லை. வேன் திரும்பிப் போன புழுதி அடங்குவதற்குள் பெரிய வீட்டுக்காரர் நைனாவிடம் வந்தார். கற்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, என் வாழ்நாளில் முதல்முறையாக, நைனாவை 'அண்ணே' என்றார்.

"அண்ணே, ஓரமா வாங்க. பேசிக்கலாம்."

நைனா எழுந்திருக்கவில்லை. "இங்கயே பேசுங்கய்யா. எல்லாரும் இங்கதான் கீறாங்க."

இந்த முறை சிரித்தது நாங்கள்.

அவர் ஒரு மூலையை மட்டும் விடுவதாகச் சொன்னார், ஒரே சிலுவையாக நட்டுக்கொள்ளச் சொன்னார். நான் பெயர்களை வாசித்துக் காட்டி, எல்லாரும் மூலையில் அடங்கமாட்டார்கள் என்றேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் மெழுகுவத்தி ஏற்றினோம். கடைசியில் மேடு முழுவதையும் கோயில் பெயருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பதிவு ஆபீசில் அவர் கையெழுத்துப் போடும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போதும் தம்பி, இனி அவரை மன்னிச்சிடு" என்றார் சாமியார்.

மேடுதான் எங்களுக்கு வந்திருக்கிறது. கிணறு அவரிடமே இருக்கிறது, அதைச் சுற்றி இன்னும் பிளாட் விற்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கிணற்றுக்கு எதிரே, ரோட்டோரம் போய் உட்காருகிறேன். வேனில் வருபவர்களில் யாராவது ஒருவர் எப்படியும் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்.

"நல்ல தண்ணி சார்" என்பேன். "எங்க பூட்டன் வெட்டினது. உள்ளயேதான் செத்தாரு."