லோவல் பிராண்ட் தேர்ந்தெடுத்த ஊர்

அயோவாவின் சோளக்காட்டுச் சமவெளியில் வீடுகளின் கணப்பு எந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த லோவல் பிராண்ட், குடியேற ஒரு மலையூர் தேடிய மும்முரத்தில் மகளுக்கு யாரும் மாப்பிள்ளைகூடத் தேடியிருக்க மாட்டார்கள். அவன் ஊரிலும் பனி கொட்டத்தான் செய்யும். ஆனால் தட்டை நிலத்தில் வேலியோரமாகவும் சாலைப் பள்ளத்திலும் பனிமேல் மோட்டாரில் ஓடும் பனிவண்டியை ஓட்டி ஓட்டி அவனுக்குச் சலித்துவிட்டது. படங்களில் பார்த்த மாதிரி, இடுப்பளவு புதுப்பனியைக் கிழித்துக்கொண்டு செங்குத்தாக மலையேற வேண்டும். அதுவும் விடுமுறைக்குப் போய் வருவதாக இல்லாமல், அங்கேயே வாழ வேண்டும்.

ஒவ்வொரு குளிர்காலமும் ஓர் ஊருக்குப் போய்ப் பார்த்து வந்தான். வீட்டுக் கொட்டகையில் வண்டியைக் கிளப்பினால் உச்சி வரைக்கும் இறங்காமல் போக முடிய வேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை. கொலராடோவில் ஒரு ஊர் அழகாக இருந்தது. ஆனால் அங்கே பனிச்சறுக்குப் பணக்காரர்கள் எஞ்சின் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுளித்தார்கள். வயோமிங்கில் பார்த்த ஊரில் காற்று பனியை நிற்கவிடாமல் வழித்துக்கொண்டு போனது. கடைசியில் மொன்டானாவில் கார்பின் ஃபோர்க். அங்கே பெட்ரோல் பங்கில் கார்களைவிடப் பனிவண்டிகள் அதிகமாக வரிசையில் நின்றன. ஒரு பெண் மளிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தபால் நிலைய வாசலில் பனிவண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். லோவலுக்கு அது போதுமாக இருந்தது.

மனைவி மார்வாவுக்குக் குளிர் ஆகாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், தெருவுக்கு இரண்டு உறவினர் வீடுகள் என்று அவள் வாழ்க்கை அயோவாவில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நீ மலை ஏறுவ. நான் அங்க என்ன பண்றது? ஜன்னல் வழியா உன்னைத் தேடிக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று கேட்டாள்.

ஒரு குளிர்காலம் இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவோம் என்று அவன் சொன்னான். அப்படிச் சொன்னானே தவிர, அதற்கு முன்பே அயோவா வீட்டை விற்க விலை பேசியிருந்தான். அவளும் அதைத் தெரிந்துகொண்டேதான் பெட்டி கட்டினாள்.

கார்பின் ஃபோர்க்கில் அவர்களை முதலில் சேர்த்துக்கொண்டவர் ஆரின் ஸ்கைலர். அறுபதை நெருங்கியவர்; குளிர்காலம் முழுவதும் வெளியூர் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய் வழிகாட்டுவது அவருக்குப் பிழைப்பு. வந்த முதல் ஜனவரியிலேயே லோவலைத் தன் கூட்டத்தோடு மேலே அழைத்துப்போனார். 'கிண்ணம்' என்று ஊரார் சொல்லும் பெரிய சரிவு அது. லோவல் ஏறினான். பாதியில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு பெரிய ஃபிர் மரத்தின் கீழ் கிளைகள் மறைத்திருந்த குழிக்குள் அவனைத் தலைகீழாகத் தள்ளி, அவன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. வாயிலும் மூக்கிலும் பனி அடைத்தது. கத்தினான், தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. ஆரின் வந்து மண்வாரியால் தோண்டிக் காலைப் பிடித்து இழுத்தபோது, பயத்தில் அவன் கால்சட்டை நனைந்திருந்தது.

ஆரின் அதைப் பார்த்தாரா என்பது லோவலுக்கு அப்போது தெரியவில்லை. அவர் அவன் முதுகைத் தட்டிவிட்டு, "இங்க எல்லாரும் ஒரு தடவை அந்தக் குழிக்குள்ள போய்ட்டு வந்தவங்கதான். வா, காப்பி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு லோவலால் ஏற முடியவில்லை. வண்டியில் உட்கார்ந்து மரங்கள் அடர்ந்த இடத்துக்கு வந்தாலே கை மரத்துப்போகும், மூச்சு முட்டும். முதுகுவலி என்றான். பிறகு வேலை அதிகம் என்றான். கணப்பு எந்திரம் கெட்டுப்போகாத வீடு அந்த ஊரில் கிடையாது என்பதால் அது கொஞ்ச நாள் எடுபட்டது.

இதற்கிடையில் மார்வா பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையில் சேர்ந்தாள். மதுக்கடை நடத்தும் ஜோலின் அவளைப் பிடித்துக்கொண்டாள். ஊரின் மீட்புக் குழுவுக்கும் ஜோலின்தான் தலைவி. இரக்கமே பார்க்காமல் மார்வாவைப் பழைய வண்டி ஒன்றில் ஏற்றி, புதன்கிழமைதோறும் பெண்கள் கூட்டத்தோடு இழுத்துக்கொண்டு போனாள். மார்வா விழுந்தாள், புதைந்தாள், சிரித்துக்கொண்டே எழுந்தாள். இரண்டாவது குளிர்காலத்தில் அவள் கிண்ணத்தின் விளிம்புவரை ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்து, கன்னம் சிவக்க, ஈரக் கையுறைகளைக் கணப்பின் மேல் காயப்போட்டுக்கொண்டே, "லோவல், அங்கேருந்து பாத்தா அந்தப் பக்கத்து ஏரிகூடத் தெரியுது. நீ பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கேனே" என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்தது பொய். சனிக்கிழமைகளில் முழு உடுப்போடும் தலைக்கவசத்தோடும் கிளம்புவான். மலைக்கு அந்தப் பக்கத்துக் குடிசையில் அண்டை மாநிலமான ஐடஹோவின் ஆட்கள் சிலர் பழக்கம், அவர்களோடு ஓட்டப்போகிறேன் என்பான். ஊர் எல்லை தாண்டியதும் மலைப்பாதையை விட்டு, ஆற்றோரத்துப் பழைய ரயில்தடத்தில் இறங்கிவிடுவான். அது தட்டையான வழி, குழந்தைகள்கூட ஓட்டலாம். அது போய்ச் சேரும் இடம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹேல்டன். அங்கே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்று உண்டு. கதகதப்பாக இருக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வண்டியைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, மற்றவர்களின் சட்டைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருப்பான்.

திரும்பும்போது இன்னொரு காரியமும் செய்தான். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு மரக்கட்டையில் நிறுத்தி, எஞ்சினை முடுக்கி, சக்கரத்துக்குப் பதில் அடியில் இருக்கும் பட்டையை வெறுமனே சுழலவிடுவான். மைல் மீட்டர் ஏறும், பெட்ரோல் இறங்கும். ஆளில்லாத ஆற்றங்கரையில், நின்ற இடத்திலேயே வண்டியை ஓடவிட்டு அதன் பக்கத்தில் நிற்கும் அந்த நேரத்தில் அவன் யார் முகத்தையும் நினைத்துப் பார்க்க மாட்டான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, யாரும் எதிர்பார்க்காதபடி மதியமே புயல் பிடித்துக்கொண்டது. லோவல் சலவைக் கடை ஜன்னலில் பார்த்தபோது எதிர்த்தெரு தெரியவில்லை. ரயில்தடத்தில் போனால் ஆற்றுக்குள்தான் போக வேண்டியிருக்கும். காத்திருப்போம் என்று உட்கார்ந்தான்.

மார்வாவின் அழைப்பு வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். எடுத்தால் எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள். பின்னால் துணி எந்திரங்களின் இரைச்சல் கேட்கும். மலைக் குடிசையில் போன் வேலை செய்யாது என்று அவளுக்குத் தெரியும். எடுக்காமல் இருந்தால், குடிசையில் பத்திரமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். புயல் விட்டதும் போய்விடலாம், பொய்யும் கலையாமல் இருக்கும். போன் அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. இருட்டும் நேரத்தில் ஜோலினின் பெயர் வந்தது. பிறகு ஆரினின் பெயர். அப்போது அவன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்றிரவு நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் அறை எடுத்துப் படுத்தான். தூங்கினான். பிற்காலத்தில் அவனை அதிகம் கூசவைத்தது இதுதான். தான் நன்றாகத் தூங்கியது.

காலையில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒரு பனி வாரும் லாரிக்காரர் முட்டை தின்றுகொண்டே பரிமாறும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கார்பின் ஃபோர்க் ஆள் ஒருத்தன் மேலே மாட்டிக்கொண்டானாம். ஊரே தேடப் போயிருக்கிறதாம். போனவர்களில் ஒருவர் வெள்ளைப் புயலில் விளிம்பு தெரியாமல் பாறை மேலிருந்து வண்டியோடு விழுந்துவிட்டாராம். பிழைத்தது பெரிது என்றார்.

"பாவம், அந்த மாட்டிக்கிட்ட ஆளோட பொண்டாட்டியும் தேடப் போயிருக்காளாம்" என்றாள் அந்தப் பெண்.

லோவல் எழுந்து வெளியே வந்தான். போனை உயிர்ப்பித்தான். மார்வா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நான் ஹேல்டன்ல இருக்கேன்" என்றான்.

அந்தப் பக்கம் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"உயிரோட இருக்கியா" என்றாள். கேள்வியாக இல்லை அது. "அங்க எதுக்கு இருக்க?"

அவன் சொன்னான். சலவைக் கடை, ரயில்தடம், ஐடஹோ ஆட்கள் என்று யாரும் இல்லாதது, எல்லாவற்றையும் நடைபாதையில் நின்றுகொண்டே சொன்னான். சொல்லி முடிந்ததும் மார்வா, போன் அடித்ததால் அவன் குடிசையில் இல்லை, வழியில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துத்தான் தேடக் கிளம்பினார்கள் என்றும், விழுந்தது ஆரின் என்றும், தொடை எலும்பு இரண்டாகிவிட்டது என்றும், ஸ்ட்ரெச்சர் வரும்வரை தான்தான் பக்கத்தில் படுத்து அவர் உடம்பைச் சூடாக வைத்திருந்ததாகவும் சொன்னாள். அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

அவன் பனி வாரும் லாரிக்குப் பின்னாலேயே, யாரோ ஒருவருடைய காரில் ஏறி ஊருக்கு வந்தான். மீட்புக் குழு கூடும் தீயணைப்புக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே இரவெல்லாம் அலைந்தவர்கள் உறைந்த உடுப்போடு நாற்காலிகளில் சரிந்து கிடந்தார்கள். மேசையில் மலையின் வரைபடம் விரிந்திருந்தது; தேடி முடித்த இடங்களைச் சிவப்பில் அடித்திருந்தார்கள். நடுவில் அவனுடைய புகைப்படம். மார்வா கொடுத்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எடுத்தது, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

யாரும் திட்டவில்லை. பெட்ரோல் பங்குக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையுறையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஜோலின் மட்டும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"பயமா இருந்துச்சுன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா. இங்க பாதிப் பேருக்கு அந்தக் கிண்ணத்தைக் கண்டா பயம்தான். எனக்கே பயம்தான்."

மேசையில் கிடந்த புகைப்படத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"வீட்டுக்குப் போ. இந்த போட்டோவையும் எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.

வீட்டில் மார்வா பல நாட்கள் பேசவில்லை. சமைத்தாள், பேருந்து ஓட்டப் போனாள், வந்தாள். ஒரு வாரத்துக்குமேல் தாங்க முடியாமல் லோவலே ஆரம்பித்தான்: வீட்டை விற்றுவிடலாம், அயோவாவுக்கே போய்விடலாம், அவள் ஆரம்பத்திலேயே சொன்னதுதான் சரி.

மார்வா கையிலிருந்த தட்டை வைத்தாள்.

"இந்த ஊரைத் தேடித் தேடி நீ கண்டுபிடிச்ச. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நானும் வந்தேன். இப்போ எனக்கு இங்க ஆளுங்க இருக்காங்க, வேலை இருக்கு, புதன்கிழமை இருக்கு. உனக்கு வெக்கமா இருக்குன்னு ரெண்டாவது தடவையும் நான் மூட்டை கட்டணுமா? நீ வேணா போ. நான் வரல."

அவன் போகவில்லை. போவதற்கும் தைரியம் வேண்டுமே என்று தன்னைத் தானே நொந்துகொண்டான்.

ஆரின் மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம் அவர் வீட்டுக்குப் போனான். அந்தக் குளிர்காலத்தின் தொழில் அவருக்கு முழுசாகப் போயிற்று. மறு குளிர்காலமும் சந்தேகம்தான். ஜன்னலோரம் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். லோவல் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் விடு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் கூப்பிட்டேனே, அப்ப போன் உன் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பேரு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

ஆரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிண்ணத்தின் மேல்முனை அங்கிருந்து தெரியும். "நான் உன்னைக் குழியிலேருந்து எடுத்தப்போ நீ எப்படி இருந்தேன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லப்பா" என்றார். "மார்வாகிட்டகூட."

அப்படியானால் பார்த்திருக்கிறார். லோவலுக்குக் காது மடல் சுட்டது. தான் மறைத்ததையெல்லாம் தனக்கு முன்பே ஒருவர் மறைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அவர் காலைத்தான் தான் ஒடித்திருக்கிறோம் என்று அப்போது புரிந்தது. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"கதவைச் சாத்திட்டுப் போ. குளிர் உள்ள வருது" என்றார் ஆரின்.

மறுநாள் காலை லோவல் அவர் வீட்டு வாசலில் பனியை வாரினான். அதற்கு மறுநாளும். ஆரின் வேண்டாம் என்று சொல்லவில்லை, உள்ளே வா என்றும் கூப்பிடவில்லை. ஏப்ரலில் ஒருநாள் அவருடைய தங்கை கதவைத் திறந்து, கணப்பு சரியாக எரியவில்லை, அண்ணன் உன்னைத்தான் பார்க்கச் சொன்னார் என்றாள். பார்த்துச் சரிசெய்தான். ஆரின் அடுத்த அறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை.

ஊர் அவனுக்கு 'சலவைக்காரன்' என்று பெயர் வைத்தது. முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். மதுக்கடையில் யாராவது சாவியைக் காணோம் என்று தேடினால், ஹேல்டனில் போய்ப் பார் என்று இன்னொருவன் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். மார்வாவும் அங்கே இருந்தால் சிரிப்பாள். லோவல் பீர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிரிக்கிறார்கள் என்பதே ஒருவிதத்தில் அவர்கள் இடம்கொடுப்பதுதான் என்று அவனுக்குத் தெரியும்; தெரிந்தும் பழகவில்லை. மறு இலையுதிர்காலத்தில் மீட்புக் குழுவுக்கு ஏதாவது எடுபிடி வேலை செய்கிறேன் என்று ஜோலினிடம் கேட்டான். "இப்ப வேணாம் லோவல்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது.

அவன் தன் வண்டியை விற்றுவிட்டான். மார்வா மீட்புக் குழுவில் சேர்ந்தாள்.

அந்த நவம்பரில், கான்சஸிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதியின் வீட்டுக்குக் கணப்பு மாட்டப் போனான். வாசலில் இரண்டு புத்தம் புது பனிவண்டிகள், அட்டைகூடப் பிரிக்காமல். கணவன் அவன் பின்னாலேயே நின்று, எந்தச் சரிவு நன்றாயிருக்கும், கிண்ணம் உண்மையிலேயே அவ்வளவு செங்குத்தா, நீங்கள் எத்தனை தடவை ஏறியிருக்கிறீர்கள் என்று துருவிக்கொண்டிருந்தான்.

லோவல் குழாயின் மரையை இறுக்கிக்கொண்டே, "ஒரு தடவை. பாதி வரைக்கும். அப்புறம் போகல, எனக்குப் பயம்" என்றான்.

அந்த ஆள் நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். லோவல் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகம் சூடேறுவது தெரிந்தது. இன்னொரு மரையை எடுத்து மாட்டினான்.

"மேல போகணும்னா என் பொண்டாட்டிகிட்ட கேளுங்க. அவளுக்குத்தான் தெரியும்" என்றான்.