முகங்களைத் துடைத்த கலைஞர்

அடம்பனில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, எட்வின் அண்ணர் போய்விட்டார் என்று தொலைபேசி வந்தது. தாலி கட்டும் படத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அவரை அறிந்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

மன்னாரில் ஒரே ஸ்ரூடியோவை அவரும் நானும் பங்கிட்டு நடத்தினோம். அவர் முகங்களை எடுக்கும் கலைஞர். நான் வெறும் கலியாணவீட்டுக் கமராக்காரி. வாடிக்கையாளர் முன்னாலேயே இப்படிச் சொல்லுவார். செத்தவீட்டில் பேசியவர்கள் அவரை ஏழைகளின் கண்ணீரைப் பதிந்தவர் என்று புகழ்ந்தார்கள். அந்தக் கண்ணீர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பேசாலையில் கருவாடு போடும் திரேசா அக்கா, வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தார். முழுகி, நல்ல சேலை உடுத்து, பவுடர் பூசி வந்திருந்தார். படமெடுக்க இங்கே எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். எட்வின் அண்ணர் தன் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அந்தப் பவுடரைத் துடைத்தார்.

"சிரிக்காதேங்கோ. சிரிப்பு மலிவுச் சாமான்" என்றார்.

அக்கா கூனிக்குறுகிப் போனார். கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து எடுத்தார். முதலில் அக்கா சிரித்தபடி இருக்க எடுத்த ஒன்றை, அது படமே இல்லை என்று அழித்துவிட்டார். கலங்கிய முகம் கொழும்பில் ஒரு கண்காட்சி மண்டபத்தில் தொங்கியது. அதை இணையத்தில் எங்கேயோ கண்ட மகள், அம்மாவுக்கு என்ன நடந்தது என்று போனில் கதறினாள். படத்தைக் கழற்றச் சொல்லி அக்கா வந்து மன்றாடினார்.

"அது இனி உங்கட முகமில்லை அக்கா. அது கலை" என்றார் எட்வின் அண்ணர்.

இதைவிடக் கேவலமான பேச்சை நான் எந்தத் தொழிலிலும் கேட்டதில்லை.

ஆனால் வெளிச்சம் மட்டும் அந்த மனுசனுக்குக் கட்டுப்பட்டது. வடக்கு யன்னலை அரைவாசி திறப்பார். கதிரையைச் சற்றுத் திருப்பிப் போடுவார். "முகத்தைப் பாராதை, தோளைப் பார். தோள் இறங்கினாப்பிறகு எடு" என்பார். அதில் அவர் பிழைவிட்டதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவரைச் சேமக்காலையில் அடக்கிய அடுத்த கிழமை, திரேசா அக்காவை நானே கூப்பிட்டேன். அதே சேலையில், பவுடர் பூசி வந்தார். யன்னலை அரைவாசி திறந்து, அக்காவின் தோள் இறங்கும்வரை காத்திருந்தேன். எட்வின் அண்ணரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான். மிச்சத்தை அவரோடு புதைத்தாயிற்று.

கமராவைத் தூக்கினேன். அக்கா அசையாமல் இருந்தபடி மெல்லக் கேட்டார்:

"பிள்ளை, இப்ப சிரிக்கலாமோ?"